கடைசி நாலு தாள்

என் ஆயுசில் நான் வயிறெரிந்தது ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான். அவள் பெயர் சுந்தரம்மாள். நகையைப் பார்த்து இல்லை, நிறத்தைப் பார்த்தும் இல்லை. அதிலெல்லாம் அவள் எனக்கு ஒரு மாற்றுக் குறைவுதான். அவள் கதை சொல்லும் அழகைப் பார்த்து எரிந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். வயிற்றெரிச்சலுக்குப் பெரிய காரணம் வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்?

ராஜபாளையத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு பேண்டேஜ் கம்பெனியில் நாங்கள் பதினான்கு பெண்கள் வேலை பார்த்தோம். காலையில் துணித் தானைப் பட்டை பட்டையாக வெட்டுவது. பதினோரு மணி டீக்குப் பிறகு அந்தப் பட்டையைக் கைச்சக்கரத்தில் சுற்றி ரோல் ஆக்குவது. வெட்டுவதற்கு இரண்டே பேர், நானும் வெள்ளைத்தாயும். பிளேடு எங்கள் டப்பாவில் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் கையில் கொடுக்க சூப்பர்வைசர் கண்ணுச்சாமி சம்மதிக்க மாட்டார். ஓரத்தில் ஒரு பிசிறு தொங்கினாலும் சரக்கு திரும்பி வந்துவிடும். புண்ணில் போடுகிற துணியல்லவா?

டீக்குப் பிறகுதான் எங்களுக்குக் கதை நேரம். சக்கரம் சுற்றுகிற கைக்கு வேலை இருக்கும், காது சும்மாதானே இருக்கும்? அந்தக் காதுக்கு நான் எண்பதாம் வருஷத்திலிருந்து தீனி போட்டேன். பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குகிற மாத நாவல்களில் ஆவியும் கொலையும் கலந்து வருவதாகப் பார்த்து வாங்கிப் படித்துவிட்டு வந்து சொல்வேன். ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்துப் போட்ட பெரிய மரப்பெட்டிதான் கதை சொல்கிறவளின் இடம். கதை சொல்லும் நேரத்தில் நான் சக்கரத்தைத் தொட வேண்டாம். ஆளுக்கு இரண்டு ரோல் சுற்றி என் கூடையில் போட்டுவிடுவார்கள். கம்பெனியில் முதலாளிக்கு அடுத்தபடி உட்கார்ந்து சாப்பிட்டவள் நான்தான் என்று என் புருஷனிடம் பீற்றிக்கொள்வேன்.

கேட்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருப்பார்கள். இருளம்மாள் பேய்க் கட்சிக்குத் தலைவி. எந்தக் கதையானாலும், "செத்தவதான் வந்து கொல்லுதா, எழுதி வச்சுக்கோ" என்பாள். செல்லக்கனி ஆள் கட்சி. "பேயாவது பிசாசாவது, சொத்துக்கு ஆசப்பட்ட கொழுந்தன் வேலட்டி இது" என்பாள். தெலுங்கு பேசுகிற ரெங்கம்மா எந்தக் கட்சியும் இல்லை. பேய் என்பதற்கு 'தெய்யம், தெய்யம்' என்று காதைப் பொத்துவாள். பொத்தின விரலில் இடைவெளி விட்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டும் விடுவாள்.

என்னிடம் ஒரு குறை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். எனக்குப் பேய் பயம். அதனால் கடைசிப் பக்கத்தை முதலில் படித்து, கொன்றது மனுஷன்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டு, பிறகுதான் முதல் பக்கத்துக்குப் போவேன். கொலைகாரன் பெயர் தெரிந்துவிட்டால் என்னதான் வாயைக் கட்டினாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அவன் கதைக்குள் நுழையும்போதே செல்லக்கனி, "இவந்தான், அக்கா தொண்டையக் கனைச்சிட்டாக" என்று சொல்லிவிடுவாள். ஆனாலும் கேட்டார்கள். வேறு கதி?

சுந்தரம்மாள் வந்தது எண்பத்தேழு தை மாதம். பிறந்தது கான்சாபுரம், வாக்கப்பட்டது வில்லிபுத்தூர். புருஷன் பால்சாமி பட்டாளத்தில், வடக்கே பனி விழுகிற ஏதோ இடத்தில் இருந்தான். வருஷத்துக்கு ஒரு முறை இரும்பு டிரங்குப் பெட்டியோடு வருவான், ஒரு மாதம் இருப்பான், போவான். மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளை. பத்தாவது பாஸ். ஒல்லிக் குச்சி, சத்தம் போட்டுப் பேசினால் இருமுவாள். இவளா நம் இடத்துக்கு வரப்போகிறாள் என்று நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அந்த மாசியில் எனக்கு அம்மை போட்டது. பதினைந்து நாள் வேப்பிலையில் கிடந்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கம்பெனிக்குப் போனால், என் பெட்டியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்! பேசிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் இருளம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா?

"செத்த பொறு பெத்தம்மா. இந்தக் கத முடியட்டும். பாதியில விட்டா எனக்குச் சோறு எறங்காது."

ஏழு வருஷம் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவள் பேசின பேச்சு அது. அந்தக் கதை முடிந்தது. அடுத்த கதையையும் அவளே ஆரம்பித்தாள். என்னை யாரும் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதையாகப் போனது என் பிழைப்பு.

அவள் எப்படிச் சொன்னாள் என்பதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. இருந்தாலும் சொல்கிறேன். துப்பறிகிறவன் விசாரிக்கிற இடம் வந்தால் எங்களையே விசாரிப்பாள். "செல்லக்கனி மதினி, கொல நடந்த அன்னைக்கு சாயந்தரம் நீங்க எங்க இருந்தீக?" என்று அவள் மெதுவாகக் கேட்டால், செல்லக்கனி நிஜமாகவே முழித்து, "நான் கிணத்தடியில துணி தொவச்சிட்டு இருந்தேன்" என்பாள். பேய் வருகிற இடத்தில் குரலைக் கூட்ட மாட்டாள், குறைப்பாள். பதின்மூன்று சக்கரமும் தானாக நின்றுவிடும். கொலைகாரன் யார் என்று அவள் முகத்தைப் பார்த்து ஒருத்தியாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதில் எனக்கு நேர்ந்த அவமானத்தைக் கேளுங்கள். மற்றவர்களைப் போல நானும் இரண்டு ரோல் சுற்றி அவள் கூடையில் போட வேண்டும். நான் சுற்றின ரோல், அவள் கூடையில்! போடும்போது ஒவ்வொரு நாளும் கை கூசும். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள எனக்கும் துடித்தது. அவளைச் சபித்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

ஒரு நாள் பூ வாங்கப் போன கையோடு எட்டு மணிக்கே கம்பெனிக்குப் போனேன். வேலை ஒன்பதுக்குத்தான். இன்னும் ஆள் வராத ஷெட்டின் படியில் சுந்தரம்மாள் தனியாக உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். முதலாளி கண்ணில் படத்தான் இந்த வேஷம் என்று நினைத்தேன்.

"என்னட்டி, வாட்ச்மேன் வேலையும் சேத்துப் பாக்கியா?"

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "அத்தை கிட்ட எட்டு மணிக்கு வேலன்னு பொய் சொல்லியிருக்கேன்க்கா. இந்தப் புஸ்தகமெல்லாம் வீட்டுக்குள்ள வரக் கூடாதும்பாக. பேய்க்கத படிச்சா பட்டாளத்துல இருக்குற புள்ளைக்கு ஆகாதாம். அதான் கூடைக்கு அடியில இங்கயே வச்சிட்டுப் போயிருவேன். காலையில இந்த ஒரு மணி நேரம் படிக்கிறதுதான்."

"அப்போ முடிவு தெரியாமலா தெனமும் எங்களுக்குச் சொல்லுத?"

"எனக்கே தெரியாதே. படிச்ச வரைக்கும் சொல்லுவேன். மறுநா காலையில என்ன ஆகுமோன்னு ராத்திரியெல்லாம் மண்டைக்குள்ள ஓடும்."

அடி ஆத்தி, சூட்சுமம் இதுதானா! அவளுக்கே தெரியாததால்தான் அவள் முகத்தில் யாராலும் எதையும் படிக்க முடியவில்லை. எனக்கு அன்றைக்கே புத்தி வேறு பக்கம் போய்விட்டது. முடிவு தெரியாதவளுக்கு முடிவே கிடைக்காமல் போனால்? எல்லார் முன்னாலும் பெட்டியில் உட்கார்ந்து திருதிருவென்று முழித்தால்? இருளம்மாளே அவளை இறக்கிவிட்டுவிடுவாள். பெட்டி எனக்கு வந்துவிடும்.

அந்தப் பாவத்தைச் செய்ய எனக்கு ஆனி மாதம் வரை தைரியம் வரவில்லை. அப்போது ஓடியது ஒரு மலை பங்களாக் கதை. மல்லிகா என்கிற மருமகள் தூக்கில் தொங்கிச் சாகிறாள். அதன் பிறகு சாயங்காலம் ஏழு மணி ஆனால் மாடியில் கொலுசுச் சத்தம். சத்தம் கேட்ட ஒவ்வொரு முறையும் மறுநாள் ஒரு பிணம் விழுகிறது. துப்பறிகிற கதிரேசன் வந்து மாடியிலேயே தங்குகிறான். அந்த மூன்று நாளும் கம்பெனியில் இதே பேச்சு. செல்லக்கனிகூட, "சொத்து ஆசன்னுதான் நெனைக்கேன், ஆனா அந்தக் கொலுசு ஒதைக்குதே" என்று ஆட ஆரம்பித்துவிட்டாள். நாலாம் நாள் முடிவு.

மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாரும் கிளம்பின பிறகு, பிளேடைத் துடைத்து வைக்கிற சாக்கில் பின்தங்கினேன். அவள் கூடைக்கு அடியில் இருந்த புத்தகத்தை எடுத்தேன். கடைசி நாலு தாள். என் பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பழகின கையாதலால் கோடு போட்டதுபோல் வெட்டு விழுந்தது.

வீட்டில் அடுப்படியில் உட்கார்ந்து அந்த நாலு தாளையும் படித்தேன். கொலைகாரன் எஸ்டேட் மேனேஜர். கொலுசுச் சத்தம், பரணில் ஒளித்து வைத்த டேப் ரிக்கார்டர். பயத்தில் குடும்பம் ஓடிவிட்டால் பங்களாவை அடிமாட்டு விலைக்கு வாங்கலாம் என்று கணக்கு. ப்பூ, இவ்வளவுதானா என்று இருந்தது. நாளைக்கு அவளுக்கு இதுகூடக் கிடையாது என்று நினைத்ததும் சோறு இனித்தது.

மறுநாள் எட்டே முக்காலுக்குப் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். சுந்தரம்மாள் படியில் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் மடியில் விரிந்து கிடந்தது. தாள் போன இடத்தை ஆட்காட்டி விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டிருந்தாள். அழுதிருப்பாள் போல, மூக்கு சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் புத்தகத்தை மூடினாள்.

"அக்கா, வெள்ளைத்தாய் அக்கா என்னைக்கு வேலைக்கு வாராக?"

"மக சடங்குக்குல்ல லீவு போட்டிருக்கா. திங்கக்கெழமதான் வருவா. எதுக்குட்டி?"

"சும்மாதான் கேட்டேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு மண்ணாங்கட்டி மாதிரி கிடந்தது. அவள் எதற்குக் கேட்டாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

டீ குடித்ததும் எல்லாரும் அவசர அவசரமாக வந்து உட்கார்ந்தார்கள். ரெங்கம்மா இப்போதே காதில் விரலை வைத்துக்கொண்டாள். சுந்தரம்மாள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள். திக்குவாள், திணறுவாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவள் சாதாரணமாக ஆரம்பித்தாள்.

"கதிரேசன் மல்லிகா தொங்குன கயிற எடுத்துப் பாக்கான். வெளக்குப் பக்கத்துல கொண்டு போயி அந்த வெட்டுப்பட்ட நுனியப் பாக்கான். மேனேஜர் கேக்காரு, கயித்துல என்னய்யா தெரியும்னு. கதிரேசன் சொல்லுதான், ஆத்திரத்துல ஒருத்தர் அறுத்திருந்தா நுனி நூல் நூலாத் தொங்கும். இதுல ஒரு பிசிறு கெடையாது. இது தெனமும் வெட்டிப் பழகுன கை. அப்படி வெட்டுற கை இந்த வீட்டுல ரெண்டு பேருக்குத்தான் உண்டு. அதுல ஒருத்தர் ஊர்லயே இல்ல."

நான் முந்தின நாள்வரை, அந்த நாலு தாளுக்கு முன்புவரை, கதை கேட்டவள். கடைசி நாலு தாளையும் படித்தவள். கயிற்று நுனி என்று ஒரு பேச்சே அந்தப் புத்தகத்தில் கிடையாது.

என் சக்கரம் நின்றுவிட்டது. பட்டை கையிலிருந்து நழுவி மடியில் குவிந்தது. காலையில் அவள் வெள்ளைத்தாயைப் பற்றிக் கேட்டது அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. பாவி மகள், படியில் உட்கார்ந்து என்னை விசாரித்திருக்கிறாள்! நானும் பதில் சொல்லியிருக்கிறேன். கிழித்துத் தொலைத்திருக்கலாமே. புத்தகத்தாளை வெட்டுகிறபோதுகூடச் சரக்கு திரும்பி வந்துவிடும் என்று பயந்ததா இந்தக் கை?

"யாரு, யாரு அந்த இன்னொருத்தர்?" என்று செல்லக்கனி முழங்காலில் நகர்ந்து முன்னால் வந்தாள்.

சுந்தரம்மாள் யாரையும் பார்க்கவில்லை. "இதுக்கு மேல எனக்குத் தெரியாது. புஸ்தகத்துல கடைசி நாலு தாளு இல்ல."

ஷெட்டில் ஒரே கூச்சல். இருளம்மாள் ரோலைத் தூக்கித் தரையில் அடித்தாள். "எந்தச் சண்டாளி எடுத்தா? எடுத்தவ கை அழுகிப் போக! அவ குடும்பம் வெளங்குமா?" அந்தச் சாபம் முழுவதும் என் தலையில் பொலபொலவென்று விழுந்தது. கண்ணுச்சாமி எட்டிப் பார்த்து, "என்னம்மா சந்தக்கடையா இது?" என்று அதட்டிவிட்டுப் போனார். சுந்தரம்மாள் வாயைத் திறந்தால் போதும், இந்தக் கம்பெனியில் எனக்கு முகம் கிடையாது.

"யாரும் எடுக்கல மதினி," என்றாள் அவள். "பழைய புஸ்தகந்தான, வரும்போதே இல்லாம வந்திருக்கும். பெத்தம்மா அக்கா இத முன்னாடியே படிச்சிருப்பாக. அதுவும் அவுக கடைசிப் பக்கத்தத்தான மொதல்ல படிப்பாக? அவுகளச் சொல்லச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுப் பெட்டியிலிருந்து இறங்கினாள். என் சக்கரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, என் மடியில் குவிந்து கிடந்த பட்டையை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"படிச்சிருக்கியாட்டி?" என்றாள் இருளம்மாள்.

"படிச்சிருக்கேன்," என்றேன். வேறு என்ன சொல்ல?

நான்கு மாதமாக ஆசைப்பட்ட பெட்டி. ஏறி உட்கார்ந்தபோது முள்ளில் உட்கார்ந்தது போலத்தான் இருந்தது. மேனேஜரையும் டேப் ரிக்கார்டரையும் அடிமாட்டு விலையையும் சொல்லி முடித்தேன். செல்லக்கனி, "நான் சொன்னேன்ல" என்று தொடையைத் தட்டினாள். பேய்க் கட்சிக்கு முகம் தொங்கிவிட்டது. முடிவு சப்பென்று விழுந்தது எனக்கே தெரிந்தது.

சுந்தரம்மாள் ஒருத்திதான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நடிப்பு இல்லை. புரோட்டாக் கடைத் தட்டைப் பார்க்கிற பசிக்காரி மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

"அக்கா, ஒரு சந்தேகம். மூணாவது பொணம் விழுறதுக்கு முந்துன நா, பரண்ல இருந்த சாமானையெல்லாம் போலீஸ்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாகல்ல? டேப் ரிக்கார்டரும் அதோடதான போயிருக்கும்? அப்போ அன்னைக்குச் சாயந்தரம் ஏழு மணிக்குக் கேட்ட கொலுசு யாரு?"

அந்த நாலு தாளிலும் அதற்குப் பதில் இல்லை. எழுதினவரே கவனிக்காமல் விட்ட ஓட்டை அது. பன்னிரண்டு பேர் என்னைப் பார்க்கிறார்கள். நான் குரலைக் கூட்டவில்லை, குறைத்தேன். இதையும் அவளிடமிருந்துதான் திருடினேன்.

"அது மல்லிகாதான்."

இருளம்மாள் போட்ட கூச்சலில் வெளியே லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். ரெங்கம்மா செல்லக்கனியின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்கு இப்படிக் கூச்சல் விழுந்ததில்லை. ஒவ்வொருத்தியும் சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் என் கூடையில் ரோலைப் போட்டாள். முதல் இரண்டு ரோல் சுந்தரம்மாள் போட்டதுதான். என் வாழ்நாளில் நான் சொன்ன கதைகளில் பெரிய கைதட்டல் வாங்கின வரி அது. அதையும் எனக்குப் பிச்சை போட்டவள் அவள்.

சாயங்காலம் வில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு அவள் நின்றுகொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மடித்த தாள்களை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். வாங்கின உடனே கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அங்கேயே நின்று படிக்க ஆரம்பித்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏட்டி, நாந்தான்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல? நாலு பேரு முன்னாடி மானத்த வாங்கியிருக்கலாமே?"

"வாங்கியிருக்கலாம்," என்றாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "சொல்லியிருந்தா உங்கள அங்கயே உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பாக. அழுதுக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பீக. பொறவு எனக்கு முடிவ யாரு சொல்லுவா?"

இரக்கப்பட்டு என்னைக் காப்பாற்றினாள் என்று சாயங்காலம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். இரக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பெட்டி யாருக்குப் போனால் அவளுக்கு என்ன, முடிவு தெரியவேண்டும், அவ்வளவுதான். பஸ் வந்தது. ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் அந்தத் தாளைப் படித்துக்கொண்டே ஏறினாள், என்னிடம் போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அப்படி எதன்மேலும் எனக்கு ஆசை வந்ததில்லை. பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்று அவளைப் பார்த்து வயிறெரிந்தேன்.